ஆளில்லாக் கப்பலும் அவசரத் தீர்ப்பும்



சென்ற ஞாயிறு ஞானோபதேச வகுப்பு முடிந்ததும் ஒரு சிறுவன் என்னிடம் வந்து, "சுவாமி, நடுக்கடலிலே ஆளே இல்லாமல் ஒரு கப்பல் போயிற்றாமே! மேசையிலே தேநீர் சூடு ஆறாமல் இருந்ததாமே! எல்லாரையும் பிசாசு கொண்டுபோயிற்றா?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்லுகிறேன். ஏனெனில் அதிலுள்ள புத்தி சிறுவரைவிடப் பெரியவர்களுக்கே அதிகம் தேவை.

கப்பல் மெய்யானதுதான். அதன் பெயர் மேரி செலஸ்ட். 1872-ம் வருஷம் நவம்பர் 7-ந் தேதி, 1,701 பீப்பாய் எரிசாராயம் ஏற்றிக்கொண்டு, நியூயார்க்கிலிருந்து இத்தாலியாவின் ஜெனோவாவுக்குப் புறப்பட்டது. தலைவர் பெஞ்சமின் பிரிக்ஸ், அவர் மனைவி சாரா, 2 வயதுக் குழந்தை சோபியா, மாலுமிகள் 7 பேர், ஆக 10 பேர் அதில் இருந்தார்கள். டிசம்பர் மாதத் தொடக்கத்தில் தேய் கிராசியா என்னும் வேறொரு கப்பலின் தலைவர் மோர்ஹவுஸ் அதைக் கண்டபோது, அதில் ஒருவரும் இல்லை.

இனிக் கட்டுக்கதையைக் கவனியுங்கள். கப்பலின் பதிவுப் பலகையில் கடைசி வரி எழுதப்பட்டது நவம்பர் 25 காலையில். அதற்கப்புறம் 9, 10 நாள் கழித்தே கப்பல் அகப்பட்டது. அத்தனை நாளும் ஆறாத தேநீர் எந்த அடுப்பில் கொதித்தது? கண்டவர்கள் கொடுத்த சாட்சியத்தில் சூடான தேநீரும் இல்லை, பரிமாறிய சாப்பாடும் இல்லை. படகைக் காணோம், திசையும் நேரமும் அறியும் கருவிகளைக் காணோம், கப்பலின் அடியில் மூன்றரை அடித் தண்ணீர், தண்ணீர் இறைக்கும் குழாய்களில் ஒன்று கழற்றிக் கிடந்தது. இவை சொல்லுவது என்ன? ஏதோ ஓர் ஆபத்துக்கு அஞ்சி, அவர்கள் தாங்களே படகில் இறங்கினார்கள் என்பதே. எரிசாராய ஆவி வெடிக்குமென்று பயந்தார்களோ, கப்பல் மூழ்குகிறதென்று தவறாகக் கணக்கிட்டார்களோ, அதை நிச்சயமாய்ச் சொல்ல ஆளில்லை. கடல் அவர்களைத் திருப்பித் தரவில்லை.

1884-ல் ஆர்தர் கோனன் டாயில் இதை வைத்து ஒரு சிறுகதை எழுதினார். அதில் கப்பலின் பெயரை மாற்றினார். படகுகளெல்லாம் கப்பலிலேயே இருந்ததாகவும் எழுதினார். பின்னால் வந்தவர்கள் தேநீரைச் சேர்த்தார்கள். கதையையே ஜனங்கள் சரித்திரமென்று நம்பிவிட்டார்கள்.

ஆனால், என் பிள்ளைகளே, பிசாசின்மேல் பழி போட்டதால் பிசாசுக்கு நஷ்டமில்லை. மனிதர்மேல் போட்ட பழியோ வேறு. ஜிப்ரால்டரில் விசாரணை நடந்தபோது, அரசாங்க வக்கீல் சாலி ஃபிளட் என்பவர், மாலுமிகள் குடித்து வெறித்துத் தலைவரைக் கொன்றார்கள் என்று எண்ணினார். சரக்கோ குடிக்கத் தகாதது. வாளிலிருந்த கறையை இரத்தமென்று சந்தேகித்தார். சோதித்ததில் அது இரத்தமல்லவென்று தெரிந்தது. கப்பலைக் காப்பாற்றிக் கரைசேர்த்த மோர்ஹவுஸ்மேலும் சந்தேகம் விழுந்தது. குற்றத்துக்கு அத்தாட்சி ஒன்றும் அகப்படவில்லை. ஆனாலும் அவருடைய ஆட்களுக்குக் கிடைத்த வெகுமதி 1,700 பவுன்தான். கப்பலும் சரக்கும் பெறும் மதிப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. தெரியாத இடத்தை நிரப்ப மனுஷன் முதலில் தேடுவது ஒரு குற்றவாளியை!

இதை நான் பிறரைப்பற்றி மாத்திரம் சொல்லவில்லை. முன்பு வேறொரு பங்கில் இருக்கையில் திருநாள் காணிக்கைப் பணம் காணாமற்போயிற்று. பெட்டிச் சாவி கோவில்பிள்ளையிடம் இருந்தது. நான் அவரை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. நாலுபேர் பார்க்கச் சாவியை மட்டும் திருப்பி வாங்கினேன். ஊருக்கு அது போதும். 11 நாள் கழித்து, ஞானஸ்நானப் புத்தகத்தின் உறைக்குள் நானே வைத்து மறந்த பணம் என் கைக்கு அகப்பட்டது. அறைவீட்டில் அவரிடம் தனியே மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை, சுவாமி" என்றார். ஆனால் அதற்குள் அவர் மகளுக்குப் பேசியிருந்த சம்பந்தம் நின்றுபோயிருந்தது. பகிரங்கத்தில் எடுத்த மானத்தை அறைவீட்டில் திருப்பித் தர முடியுமா? மறு ஞாயிறு பிரசங்கத்தில் எல்லார் முன்பாகவும் என் குற்றத்தைச் சொன்னேன். முறிந்த சம்பந்தம் திரும்பி வரவில்லை.

எட்டாம் கற்பனை பொய்ச்சாட்சியை மட்டுமா விலக்குகிறது? தகுந்த காரணமின்றி ஒருவனைக் குற்றவாளியென்று மனதில் தீர்மானிப்பது அவசரத் தீர்ப்பு. அதை வெளியிட்டு அவன் பேரைக் கெடுப்பது அதனினும் பெரிய பாவம். திருடிய பணத்தைத் திருப்பிக் கொடுக்கக் கடமை இருப்பதுபோல, கெடுத்த பேரையும் கூடியமட்டும் சீர்ப்படுத்தக் கடமை உண்டு. பாவசங்கீர்த்தனம் செய்ததனால் மட்டும் அந்தக் கடன் தீராது. சந்தேகமான காரியத்தை நல்ல பக்கமாகவே அர்த்தம் பண்ணவேண்டும் என்பது அர்ச். தோமாஸ் அக்குயினாஸின் போதனை.

ஆகையால் இந்த வாரம் தெருவிலே, கிணற்றடியிலே, உங்கள் கைத்தொலைபேசியிலே ஒருவரைப்பற்றிய செய்தி வந்தால், மூன்று கேள்வி கேளுங்கள்: கண்டவர் யார்? அவர் கண்டது எவ்வளவு? மீதியைச் சேர்த்தவர் யார்? பதில் கிடைக்காவிட்டால், "எனக்குத் தெரியாது" என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்லுவது வெட்கமல்ல, புண்ணியம். எல்லாம் அறிந்தவர் சர்வேசுரன் ஒருவரே, தீர்ப்பும் அவருடையதே.

ஆமென்.