மறுக்க முடியாதவரின் தோல்

சிமெண்டு குழைக்கும் தொழிலாளியின் கை சிவக்கிறது, வெடிக்கிறது, நீர் கசிகிறது. அவன் செய்த குற்றம் யாது? உழைத்தான்; அவ்வளவே! சிமெண்டிலுள்ள குரோமியத்தை அவன் உடல் பகையென்று நினைவில் பதித்துக்கொண்டது. மீண்டும் தீண்டும்போதெல்லாம் போர் தொடுக்கிறது. தொடு ஒவ்வாமைத் தோலழற்சி என்பர் மருத்துவர்.

இதன் மருமத்தை உலகுக்கு உணர்த்தியவை, வாயற்ற கினிப்பன்றிகள்! எளிய வேதிப்பொருள்களாலேயே அவற்றின் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கலாம் என்று 1935-இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் ஆய்வு நிலையத்தில் லாண்ட்ஸ்டைனரும் ஜேக்கப்சும் காட்டினர். அந்த ஒவ்வாமையை ஓர் உயிரிலிருந்து மற்றோர் உயிருக்குக் கடத்துபவை உயிரணுக்களே என்று 1942-இல் லாண்ட்ஸ்டைனரும் சேசும் மெய்ப்பித்தனர். அந்த அறிவே வேண்டாம் என்போர், தொழிலாளியின் கையைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்!

ஆனால், பயன் உண்டு என்பதாலேயே உரிமை உண்டு என்றாகிவிடுமா?

1969-இல் மாக்னுசனும் கிளிக்மனும் வகுத்த சோதனை புகழ்பெற்றது. கினிப்பன்றியின் தோலுக்குள் வேதிப்பொருளை ஊசியால் ஏற்றி, பின்னர் அதே பொருளைத் தோலின்மேல் கட்டி, சில வாரங்களில் மீண்டும் தீண்டச்செய்து, தோல் சிவக்கிறதா என்று பார்ப்பது அம்முறை. அதே கிளிக்மன் 1966-இல் வெளியிட்ட சோதனை முறைக்குத் தோல் தந்தவர்கள் சிறைக்கைதிகள்! பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் 1951 முதல் 1974 வரை நடந்த ஆய்வுகளில் கறுப்பின மக்கள் பலர் ஆட்பட்டனர்.

கைதிக்கும் கினிப்பன்றிக்கும் பொதுவானது எது? அறிவா? உருவமா? இல்லை, ‘மாட்டேன்’ என்று சொல்லித் தப்ப இயலாத நிலை! அறிவிற் குறைந்தது என்று விலங்கைக் கூண்டில் அடைத்த கை, அறிவிற் குறையாத மனிதனிடமும் நீண்டது. ஆகவே, தாழ்வு என்பது தேர்வுக்குக் காரணமன்று. தேர்ந்தபின் தேடிய சமாதானம்.

வலிமை உரிமை தராது. தேவை ஒன்றே ஓரளவு இசைவு தரும். தேவை தீர்ந்த நாளில் அந்த இசைவும் தீரும். வேதிப்பொருள் புரதத்தோடு பிணைகிறதா என்று குழாயிலும், வளர்ப்பு உயிரணுக்களிலும் சோதிக்கும் முறைகளைப் பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பு 2015-இல் ஏற்றது. ஒப்பனைப் பொருள்களுக்காக விலங்குகளை வதைப்பதை இந்தியா 2014-இல் தடைசெய்தது.

மாற்று வழி காணாத துறைகள் இன்னும் உள்ளன. அங்கே கேட்போம்: எந்த நோய்க்காக? எத்தனை உயிர்கள்? வேறு வழி தேடினீர்களா? விடையின்றித் தொடரும் வதை ஆராய்ச்சியன்று, வழக்கம். வழக்கம் வெள்ளை அங்கி அணிந்து வந்தாலும், ‘ஏன்?’ என்று கேட்பதன்றோ பகுத்தறிவு!