எழுதிய பிள்ளை பால் குடிக்கும்

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்று சொல்லிச் சொல்லியே நம்மை வளர்த்துவிட்டார்கள். தாயிடம் அது செல்லும். அலுவலகம் தாய் அல்ல. அதன் வாசலில் அழுதவர் எத்தனை பேர், வெறுங்கையோடு வீடு திரும்பியவர் எத்தனை பேர் என்பதை மட்டக்களப்பு வாவியின் மேற்கே எங்கள் படுவான்கரை மண் அறியும். அங்கே எழுதிய பிள்ளைதான் பால் குடிக்கும்! தம்பி, தங்கச்சி, இந்த ஒன்றை உங்கள் நெஞ்சில் ஏற்றிவிடத்தான் இன்று பேனா எடுத்தேன்.

2023 ஆம் ஆண்டு. மண்டூர்த் துறையில் இருந்து குருமண்வெளிக்குப் பாதை புறப்படும் காலை நேரம். வாவியைக் கடக்கும் ஓடத்தை நாங்கள் பாதை என்றுதான் சொல்வோம். பக்கத்தில் ஒரு பெத்தா. களுவாஞ்சிக்குடி ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் போகிறா. மடியில் ஒரு சொப்பின் பை. கிளினிக் கொப்பியை இழுத்தபோது அதோடு ஒட்டிக்கொண்டு இன்னொன்றும் வெளியே வந்தது. 2007 இல் முகாமில் கொடுத்த நிவாரண அட்டை. மடித்த இடமெல்லாம் பிய்ந்து நாலு துண்டாகப் போகிற நிலை. அரிசி, மா, பருப்பு, சீனி, எண்ணெய் என்று கட்டம் கட்டமாக எழுத்து. கட்டத்துக்குக் கட்டம் ஒரு கையொப்பம்.

"இன்னும் ஏன் பெத்தா இத வச்சிருக்கிறீங்க?"

"நாங்க அகதியாக் கிடந்ததுக்கு இதுதானே மனே சாட்சி. நாளைக்கு ஆரும் கேட்டா?"

பேச்சு வளர்ந்தது. அரசின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவுப் பட்டியலில் பெத்தாவின் பெயர் வரவில்லை. ஏன் என்று கேட்டீர்களா என்றேன். "கேட்டன் மனே. தகுதி இல்லையாம்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தா. ஷெல்லடிக்குள் பேரப்பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியவ, வெறும் வளவுக்குத் திரும்பி வந்து மறுபடி அடுப்பு மூட்டியவ, அந்த ஒரு சொல்லுக்கு முன்னால் தலை குனிந்திருந்தா. எனக்கு நெஞ்சு கொதித்தது.

தகுதி! தமிழில் இந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு பொருள் குடியிருக்கிறது. ஒன்று, மனிதனின் மாண்பு. மற்றது, விண்ணப்பத்தில் கேட்கும் நிபந்தனை. அலுவலர் இரண்டாவதைச் சொல்கிறார். நம் சனத்தின் காதில் முதலாவது விழுகிறது. "உன் தாளில் ஒன்று குறைகிறது" என்பதை "நீ குறைந்தவள்" என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்கு நடக்கிறார்கள். தம்பி, இந்த இரண்டையும் இன்றே பிரித்து வை. உன் மாண்பை அளக்க எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது!

நிபந்தனை என்பது என்ன? மனிதன் எழுதியது. எழுதிய மனிதனே அதை மாற்றுகிறான். நம் சனம் போன இடங்களையே எடுத்துப் பார். ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள் என்று வைத்துக்கொள். மூவரையும் துரத்தியது ஒரே போர்.

மூத்தவள் வாவியைக் கடந்தாள். 2007 மார்ச்சில் வெல்லாவெளி, பட்டிப்பளை, வவுணதீவுப் பக்கத்துச் சனம் உடுத்த உடுப்போடு எழுவான்கரைக்கு ஓடிய நாட்கள் அவை. மட்டக்களப்பு மாவட்டத்தில் இடம்பெயர்ந்தோர் தொகை அப்போது ஒன்றரை இலட்சத்தைத் தொட்டது. ஊர் அவளை அகதி என்றது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1951 ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயம் நாட்டு எல்லையைத் தாண்டியவரைத்தான் அகதி என்கிறது. நாட்டுக்குள்ளேயே ஓடியதால் இவள் உள்நாட்டில் இடம்பெயர்ந்தவள். பெயர் மாறியதும் அவளுக்குரிய விதியும் மாறியது.

நடுவிலான் பாக்குநீரிணையைக் கடந்து மண்டபம் முகாமுக்குப் போனான். தமிழ்நாட்டு அரசு முகாமில் இருப்போருக்கு மாதப் பணக்கொடை கொடுக்கிறது. குடும்பத் தலைவருக்கு 1,000 இந்திய ரூபாயாக இருந்தது 2021 ஆகஸ்ட் அறிவிப்போடு 1,500 ஆனது. மற்றப் பெரியவர்களுக்கு 750 இலிருந்து 1,000, சிறுவர்களுக்கு 400 இலிருந்து 500. ஆனால் அதே படகில் வந்து, பொலிஸில் பதிந்துவிட்டு, முகாமுக்கு வெளியே வாடகை வீட்டில் இருப்பவனுக்கு அந்தக் கொடை இல்லை. அவன் பட்ட துன்பம் ஏதும் குறைவா? அவன் இருக்கும் இடம்தான் வேறு.

கடைசிப் பிள்ளை அமெரிக்காவுக்குப் போனான். அங்கே 1980 ஆம் ஆண்டு அகதிகள் சட்டம் வந்தபோது பண உதவியும் மருத்துவ உதவியும் 36 மாதம் வரை கிடைக்க வழி இருந்தது. பிறகு அது சுருங்கிச் சுருங்கி 1991 இல் 8 மாதமானது. 2022 இல் 12 மாதமாகக் கூடியது. 2025 மே 5 முதல் தகுதி பெறுவோருக்கு வெறும் 4 மாதம். மே 4 ஆம் திகதி போய் இறங்கிய அகதிக்கு ஒரு வருடம், மறுநாள் இறங்கியவனுக்கு நாலு மாதம்! ஒரே இரவில் மனிதனின் தகுதியா குறைந்தது? கலண்டரில் ஒரு தாள் கிழிந்தது, அவ்வளவுதான்.

இதையெல்லாம் உன்னை மலைக்க வைக்கச் சொல்லவில்லை. விதி மலையல்ல என்று காட்டச் சொல்கிறேன். மனிதன் சுருக்கியதை மனிதன் நீட்டவும் முடியும். நீட்டிக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். கனடாவில் அகதிகளுக்கான மருத்துவக் காப்பை அந்நாட்டு அரசு 2012 இல் பெருமளவு வெட்டியது. நம் உறவுகள் இலட்சக்கணக்கில் வாழும் நாடு அது. வைத்தியர்கள் வெள்ளை அங்கியோடு வீதிக்கு வந்தார்கள். வீதியோடு நிற்கவில்லை, வழக்கும் எழுதினார்கள். 2014 ஜூலையில் சமஷ்டி நீதிமன்றம், அந்த வெட்டு கொடுமையானது, அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. 2016 ஏப்ரலில் முழுக் காப்பும் திரும்பி வந்தது. கோஷம் தொடக்கி வைத்தது. எழுத்து முடித்து வைத்தது.

அது கனடா, இது மண்டூர் என்கிறாயா? இங்கே உன் கையில் என்ன இருக்கிறது என்று முதலில் எண்ணிப் பார்.

அன்று பாதையில் பெத்தா போன இடத்தையே எடு. அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் யாரும் அவவிடம் தகுதி கேட்கவில்லை. மருந்துக்குக் காசும் கேட்கவில்லை. இந்த நாட்டின் இலவசச் சுகாதார சேவை ஏழை பணக்காரர் பார்ப்பதில்லை. அது உன் பெற்றோரின் வரியில் நடப்பது, கூச்சமில்லாமல் போ. அதற்கும் மேலே பெரிய சத்திரசிகிச்சை என்று வந்தால் ஜனாதிபதி நிதியம் இருக்கிறது. அதற்கு விண்ணப்பிக்க ஒரு காலத்தில் கொழும்புக்கு அலைந்தோம். 2025 பெப்ரவரி முதல் பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம். இது தெரியாமல் காணியை ஈடு வைத்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்!

அஸ்வெசும 2023 இல் தொடங்கியபோது நாலு படி வைத்தார்கள்: மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபாய். கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்று 22 குறிகாட்டிகளை வைத்து வீடு வீடாக அளந்தார்கள். அளவுகோல் பிழைக்கலாம் என்று சட்டத்துக்கே தெரியும். அதனால்தான் மேன்முறையீட்டுக்கும் ஆட்சேபனைக்கும் வழி வைத்தது. அந்த ஆண்டில் நாடு முழுவதும் ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மேன்முறையீடுகள் குவிந்தன. அத்தனை பேர் எழுதினார்கள். நம் வீட்டில் எழுதினோமா?

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016 இல் நிறைவேறி 2017 பெப்ரவரி 3 இல் நடைமுறைக்கு வந்தது. "என் பெயர் ஏன் பட்டியலில் இல்லை? எந்த நிபந்தனையின் கீழ் நீக்கினீர்கள்?" என்று அதன்படி கேட்கலாம். ஏன் கேட்கிறாய் என்று உன்னிடம் காரணம் கேட்க முடியாது. கேட்ட கையோடு எழுத்தில் பற்றுச்சீட்டுத் தர வேண்டும். 14 வேலை நாளுக்குள் தருவதா மறுப்பதா என்று தீர்மானித்துச் சொல்ல வேண்டும். உயிரோடும் சுதந்திரத்தோடும் தொடர்பான தகவல் என்றால் 48 மணித்தியாலத்துக்குள்! எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அதை எழுத்தாக்குவது தகவல் அலுவலரின் கடமை. தமிழில் எழுதி, தமிழிலேயே பதில் பெறும் உரிமையை அரசியலமைப்பு தந்திருக்கிறது.

போரில் ஆளையோ வீட்டையோ இழந்தவருக்கு 2018 இன் 34 ஆம் இலக்கச் சட்டம் இழப்பீட்டுக்கான அலுவலகத்தை உண்டாக்கியிருக்கிறது. ஓடிய ஓட்டத்தில் பிறப்புச் சான்றிதழ் போய்விட்டதா? 1998 இல் ஐக்கிய நாடுகளில் முன்வைத்த இடப்பெயர்வு பற்றிய 30 வழிகாட்டிக் கோட்பாடுகளில் இருபதாவதை வாசி. தொலைந்த ஆவணத்தைப் புதிதாகத் தருவது அதிகாரிகளின் பொறுப்பு, அதற்கு நியாயமற்ற நிபந்தனை போடக் கூடாது என்கிறது. பிறப்பே பதியவில்லை என்றால் காலங்கடந்த பிறப்புப் பதிவு இருக்கிறது. அடைபட்ட கதவு என்று நீ நினைத்ததில் பாதி சாத்திய கதவுதான். தள்ளிப் பார்க்கவில்லை, அதுதான் குறை.

எப்படித் தள்ளுவது? மூன்று பழக்கம் போதும். முதலாவது, "இல்லை" என்று வாயால் சொன்னால் அதை எழுத்தில் கேள். இரண்டாவது, கொடுக்கும் ஒவ்வொரு தாளுக்கும் ஒரு பிரதி வைத்து, அதில் திகதி முத்திரை வாங்கிக்கொள். மூன்றாவது, மேன்முறையீட்டுக்கு எத்தனை நாள் என்று அந்த இடத்திலேயே கேட்டு, வீட்டுக் கலண்டரில் வட்டம் போடு. நியாயம் உள்ள எத்தனையோ வழக்குகள் நாள் தவறியதால் தோற்றிருக்கின்றன.

"ஆரையாவது பிடிக்க வேணும்" என்பார்கள். பிடிக்க வேண்டியது பேனாவை! ஆளைப் பிடித்து வாங்கியது அந்த ஆள் போனதும் போகும். எழுதி வாங்கியது நிற்கும். "கேட்டால் கிராம சேவகர் கோவிப்பார்" என்பார்கள். மரியாதையாக எழுதிய கடிதத்துக்கு எந்த நல்ல அலுவலரும் கோவிப்பதில்லை. பதில் எழுத அவருக்கும் அது ஒரு பிடிமானம். "அகதி எண்டு கை நீட்ட வெட்கம்" என்பார்கள். வெட்கப்பட வேண்டியது ஷெல்லடித்தவர்கள். வீடிழந்தவன் வீடு கேட்பதில் என்ன வெட்கம்?

மண்டூர்க் கந்தனின் சந்நிதியில் கப்புகனார் வெள்ளைத் துணியால் வாய் கட்டித்தான் பூசை செய்வார். மந்திரம் இல்லை, சத்தம் இல்லை. அந்த மௌனத்தில் எங்கள் ஊரே உருகி நிற்கும். அந்த மௌனம் தெய்வத்துக்கு உரியது. அதைக் கொண்டுபோய் அலுவலக மேசைக்கு முன்னால் படைக்காதே! அங்கே வாய் கட்டி நிற்பது பக்தியுமல்ல, பணிவுமல்ல. உன் பிள்ளையின் பங்கை நீயே கைகழுவி விடுவது அது.

படித்த தம்பியே, தங்கச்சியே! சாதாரண தரம் முடித்த உன்னால் இந்தக் கடிதம் எழுத முடியும். உன் ஒழுங்கையில் எழுதத் தெரியாத பெத்தா ஒருவ, அப்புச்சி ஒருவர் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணித்தியாலம் அவருக்குக் கொடு. படிவத்தை வாசித்துக் காட்டு. அவர் சொல்லச் சொல்ல எழுது. நீ பெற்ற கல்விக்கு ஊர் கேட்கும் வட்டி அது ஒன்றுதான்.

அன்று பெத்தா கிளினிக் முடிந்து திரும்பும்வரை காத்திருந்தேன். குருமண்வெளித் துறையில், தேத்தண்ணிக் கடை வாங்கில் கொப்பித் தாள் ஒன்றைக் கிழித்து, பட்டியலில் பெயர் ஏன் இல்லை என்று கேட்டு எழுதினோம். எட்டு வரி. கீழே பெத்தா நடுங்கும் கையால் கையெழுத்திட்டா. சில கிழமைக்குப் பிறகு பதில் வந்தது. அடையாள அட்டையில் உள்ள பெயரும் கணக்கெடுப்பில் பதிந்த பெயரும் பொருந்தவில்லை என்று இருந்தது. ஒன்றில் முன்னால் 'இ' இருந்தது, மற்றதில் இல்லை. அவ்வளவுதான்! ஒரு எழுத்து அவவைத் தகுதியற்றவளாக்கி வீட்டுக்கு அனுப்பியிருந்தது. மேன்முறையீட்டுக்கு இரண்டின் பிரதியையும் இணைத்தோம்.

பதிலை நான் வாசிக்க வாசிக்கப் பெத்தா கேட்டுக்கொண்டிருந்தா. திரும்ப ஒருக்கால் வாசிக்கச் சொன்னா. பிறகு கடிதத்தை வாங்கி மடித்து, சொப்பின் பைக்குள் அந்த 2007 அட்டைக்கு மேலே வைத்தா. இந்த முறை தலை குனியவில்லை.

"அப்ப பிழை என்னில இல்ல மனே. எழுத்திலதான்."