மூச்சுக்காற்றின் சாவி

ஒரு மனிதனுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 840 கிராம் ஆக்சிஜன் வேண்டும். பூமியில் இதற்கு யாரும் கணக்கு வைப்பதில்லை. சர்வதேச விண்வெளி நிலையத்தில் வைத்தே தீரவேண்டும். அங்கே சிறுநீரும் வியர்வையும்கூடச் சுத்திகரிக்கப்பட்டுத் தண்ணீராகின்றன. தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சி ஆக்சிஜனைப் பிரிக்கிறது ஓர் இயந்திரம். ஒருவர் ஒருநாள் மூச்சுவிட, ஒரு லிட்டருக்குச் சற்றே குறைந்த தண்ணீர் செலவாகிறது.

செவ்வாயில் ஊர் எழுப்பும் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு ராக்கெட்டைவிட இந்த இயந்திரம்தான் நினைவுக்கு வருகிறது. அதன் சாவி யாரிடம் இருக்கும்? பூமியில் ஆட்சி பிடிக்கவில்லை என்றால் கூட்டம் கூடலாம், வேலைநிறுத்தம் செய்யலாம், ஊரைவிட்டே போய்விடலாம். அங்கே கதவுக்கு வெளியே மூச்சுவிட முடியாது. இயந்திரத்தை நிறுத்திப் போராடினால் போராடுகிறவரின் பிள்ளைக்கும் காற்று நிற்கும். ஆகவே பாதுகாப்பின் பெயரால் கடுமையான விதிகள் வரும். அவற்றில் பல நியாயமாகவும் இருக்கும் என்பதுதான் சிக்கல்.

எல்லாம் ஒரே கையில் இருந்த ஊர் பூமியிலும் இருந்தது. சிகாகோ அருகே, ரயில்பெட்டி முதலாளி ஜார்ஜ் புல்மன் 1880களில் தன் தொழிலாளர்களுக்கு ஓர் ஊரையே கட்டிக்கொடுத்தார். செங்கல் வீடுகள், குழாய்த் தண்ணீர், பூங்கா, நூலகம் என்று பார்த்தவர்கள் வியந்த முன்னேற்றம் அது. 1893-ல் தொழில் படுத்தது. கூலியைக் குறைத்தார்கள், வீட்டு வாடகையைக் குறைக்கவில்லை. கூலி கொடுப்பதும் வாடகை வாங்குவதும் ஒரே கை. மறு ஆண்டு வெடித்த வேலைநிறுத்தம் நாட்டின் ரயில்களையே முடக்கியது. வாடகையோடு காற்றும் அதே கையில் இருந்திருந்தால் அந்தத் தொழிலாளர்கள் வாய் திறந்திருப்பார்களா?

1967-ன் விண்வெளி ஒப்பந்தப்படி எந்த நாடும் நிலவையோ செவ்வாயையோ சொந்தம் கொண்டாட முடியாது. தனியார் செய்வதற்கும் அவரவர் நாடே பொறுப்பு. ஆனால் அங்கே குடியிருப்பவருக்குத் தன் ஊரை ஆள என்ன உரிமை என்பதைப் பற்றி அதில் பேச்சில்லை. 1997-ல் ரஷ்யாவின் மீர் விண்வெளி நிலையத்திலிருந்து அமெரிக்க விண்வெளி வீரர் டேவிட் வுல்ஃப் வாக்களித்தார். அதுவும் பூமியிலுள்ள டெக்சாஸ் தேர்தலுக்கே. ஆகவே செவ்வாய் ஊரில் காற்று இயந்திரம் ஒன்றுக்கு மூன்றாக, வெவ்வேறு கைகளில் இருக்கவேண்டும். பூமிக்குத் திரும்ப விரும்புகிறவருக்கு விண்கலத்தில் இடம் உறுதியாக இருக்கவேண்டும். இவை கட்டுமான வரைபடத்திலேயே ஏறவேண்டிய ஜனநாயகம்.

தங்கள் நாளை ஆளும் உரிமையை விண்ணில் இருந்தவர்கள் கேட்டதும் உண்டு. 1973 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்கைலேப் விண்வெளி நிலையத்தின் மூன்று வீரர்கள் ஓய்வில்லாத வேலைப் பட்டியலால் திணறினார்கள். மாத இறுதியில் தரைக்கட்டுப்பாட்டு நிலையத்தோடு மனம்விட்டுப் பேசினார்கள். அன்றாடச் சிறு வேலைகளை எப்போது செய்வது என்பது அதன்பின் அவர்கள் கைக்கே வந்தது. 84 நாள் முடிந்து இறங்கும்போது, பின்தங்கிய வேலையை ஈடுகட்டியிருந்தார்கள்.