அளந்தது எதனை?

நெல்லை மரக்காலால் அளக்கிறோம். ஆடையை முழக்கோலால் அளக்கிறோம். பொன்னைத் தராசில் இடுகிறோம். மரக்காலைத் தூக்கிக்கொண்டு துணிக்கடைக்குச் செல்பவர் எவரும் நம்மிடையே இல்லை. ஆனால் மனிதனுடைய அறிவை அளப்பது என்று வரும்போது மட்டும், எக்கருவியால் எதனை அளக்கிறோம் என்ற கேள்வியை நாம் பெரும்பாலும் எழுப்புவதில்லை. ஓர் எண் கிடைத்துவிட்டால் போதும். அந்த எண்ணையே ஆள் என்று கொண்டுவிடுகிறோம். அக்கேள்வியை இங்கே ஓர் இடத்தில் நிறுத்தி எண்ணிப்பார்க்க விழைகிறோம். இடம், படை. அளக்கப்படுபவர், ஆட்டிசம் என்னும் இயல்போடு பிறந்தவர்.

படை என்றவுடன் வாசகர் சிலர்க்குத் தயக்கம் எழலாம். கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட இல்லங்களில் படிக்கப்பெறும் இதழில் படைத்தேர்வுக்கு என்ன இடம் என்று கேட்கலாம். படைத்தொழிலைப் போற்றுதற்காக இதனை எழுதவில்லை. அறிவுத்தேர்வு என்பது பள்ளியிலே பிறந்ததாயினும் பாசறையிலேதான் வளர்ந்தது. அங்கு வளர்ந்ததே பின்னர் நம் பிள்ளைகளின் முன்னும் வந்து நின்றது. ஆதலின் அங்கிருந்தே தொடங்க வேண்டியுள்ளது.

பிரான்சு நாட்டில் ஆல்பிரெட் பினே என்பவர், தியோடோர் சிமோனுடன் சேர்ந்து, 1905இல் ஒரு தேர்வை அமைத்தார். வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளைக் கண்டறிந்து அவர்க்கு வேண்டிய உதவியைச் செய்வதே அதன் நோக்கம். மனிதனின் உயரத்தை அளப்பதுபோல் அறிவை ஒரே கோட்டில் அளந்துவிட முடியாது என்பதை அவர் உணர்ந்தே இருந்தார். 1911இல் அவர் மறைந்தார். ஆறே ஆண்டுகளில், உதவிக்கென்று அமைந்த அக்கருவி, கடல் கடந்து வேறொரு வேலைக்குச் சென்றுவிட்டது.

1917 ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப்போரில் இறங்கியது. இலட்சக்கணக்கில் வந்து குவிந்த இளைஞரை விரைந்து வகைப்படுத்த வேண்டிய நிலை. ராபர்ட் யெர்க்ஸ் என்னும் உளவியலாரின் தலைமையில் இரு தேர்வுகள் அமைக்கப்பெற்றன. ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர்க்கு ஆல்பா, ஏனையோர்க்குப் பீட்டா. போர் முடிவதற்குள் 17 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இவற்றை எழுதினர். ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே ஓர் எழுத்துக் குறிக்கப்பட்டது.

பீட்டா நடந்த முறையைச் சற்று மனத்திற்கொண்டு வாருங்கள். பேச்சு மிகக் குறைவு. ஒருவர் மேடைமீது நின்று கரும்பலகையில் சைகையாலேயே செய்துகாட்டுவார். கீழே அமர்ந்திருப்போர் அச்சைகையின் பொருளை உணர்ந்து தம் தாளில் அவ்வாறே செய்ய வேண்டும். விரைவாகச் செய்யுமாறு தூண்டவும்படுவர். வலையில்லாத டென்னிஸ் ஆடுகளத்தில் வலையையும், இழையில்லாத மின்விளக்கில் இழையையும் வரைந்து சேர்க்க வேண்டும். இத்தாலியச் சிற்றூர் ஒன்றிலிருந்து கப்பலேறி வந்த உழவர் மகன் டென்னிஸ் வலையை எங்கே கண்டிருப்பான்?

இத்தேர்வுகளிலிருந்து, நாட்டின் சராசரி இளைஞனுக்கு 13 வயதுப் பிள்ளையின் அறிவே உண்டு என்று முடிவு கட்டினர். வால்டர் லிப்மன் என்னும் இதழாளர் 1922இலேயே இதனைக் கடுமையாக மறுத்து எழுதினார். 1923இல் கார்ல் பிரிகம் என்பவர் இவ்வெண்களைக் கொண்டே, தென் ஐரோப்பியரும் கிழக்கு ஐரோப்பியரும் அறிவிற் குறைந்தோர் என்று நூல் எழுதினார். 1930இல் அவரே தம் முடிவு அடிப்படையற்றது என்று திரும்பப் பெற்றார். பெற்றுக்கொண்டது அவர் பெருமை. ஆனால் இடையில் 1924ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் வந்து கதவை அடைத்திருந்தது.

ஆல்பா தேர்விலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அதன் ஒரு பகுதி நடைமுறை அறிவைப் பற்றியது. அதில் வந்த கேள்வி ஒன்றின் கருத்து இது: பூனை பயனுள்ள பிராணி; காரணம் யாது? எலி பிடிப்பதா, சாதுவாக இருப்பதா, நாய்க்கு அஞ்சுவதா? மதிப்பெண் பெறும் விடை, எலி பிடிப்பது. நம் இல்லத்துப் பிள்ளை ஒன்று இக்கேள்வியைக் கண்டால் என்ன செய்யும்? ஓர் உயிர் மற்றோர் உயிரைக் கொல்வதைப் பயன் என்று குறிக்க அதன் கை கூசும். சாதுவாக இருப்பதையே குறித்துவிட்டு வரும். ஒரு மதிப்பெண் போய்விடும். சிரித்துவிட்டுப் போகத்தக்க சிறு செய்திதான். ஆயினும், அந்த ஒரு மதிப்பெண் எதனைக் காட்டுகிறது? பிள்ளையின் அறிவுக் குறைவையா? அன்று. கேள்வி கேட்டவர் தம் ஊர்வழக்கைச் சொல்லாமலே கேள்விக்குள் வைத்திருந்தார்; பிள்ளை அவ்வூர்க்காரன் அல்லன். அவ்வளவே.

ஆட்டிசம் உடையவர்க்கு இவ்வுலகின் கேள்விகளுட் பல இப்பூனைக் கேள்வியைப் போன்றவையே. சொல்லாமல் விடப்பட்டதைப் பிறர் தாமே உணர்ந்துகொள்கின்றனர். இவர்க்கோ சொல்லப்பட்டது மட்டுமே தெளிவாகத் தெரிகிறது. மூன்று விடைகளும் ஒருவகையில் உண்மையாயிற்றே, எதனைக் கேட்கிறார்கள் என்று அவர் எண்ணிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்துவிடுகிறது. சைகையும் முகக்குறிப்புமாக இட்ட கட்டளை அவரை எட்டுவதில்லை. பலர் கூடிய அறையின் இரைச்சலும் விளக்கின் கூச்சமும் அவர் செவியிலும் கண்ணிலும் பிறரைக் காட்டிலும் பன்மடங்காக மோதுகின்றன.

இவ்வியல்புக்கு அமெரிக்காவில் லியோ கானர் 1943இல்தான் பெயரிட்டு எழுதினார். வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் எழுதியது 1944இல். ஆகவே 1918இன் பாசறைகளில் இத்தகையோர் எத்தனை பேர் இருந்தனர், அவர்தம் பெயர்க்கெதிரே எந்த எழுத்து விழுந்தது என்பதைச் சொல்ல வழியில்லை. தமிழில் இதற்கு 'மதியிறுக்கம்' என்றொரு சொல் வழங்குகிறது. சொல்லை ஆக்கியவர் நல்லெண்ணத்தோடுதான் ஆக்கியிருப்பார். எனினும், மதி இறுகிப்போயிற்று என்பது பெயரா, தீர்ப்பா என்று நமக்கு ஐயமுண்டு. இக்கட்டுரையில் ஆட்டிசம் என்றே எழுதுகிறோம்.

போர் முடிந்ததும் தேர்வுகள் பாசறையோடு நின்றுவிடவில்லை. 1918இல் டெக்சாஸ் மாநிலப் பாசறை ஒன்றில் தேர்வாளராகப் பணியாற்றிய டேவிட் வெக்ஸ்லர், 1939இல் தாம் அமைத்த அறிவுத்தேர்வில் ஆல்பா, பீட்டா வழிவந்த பகுதிகள் பலவற்றைச் சேர்த்துக்கொண்டார். 1949இல் அதன் குழந்தை வடிவம் வந்தது. அதனையே நம் நாட்டுக்கேற்ப மாற்றி நாக்பூரில் மாலின் என்பவர் அமைத்தார். நம் பிள்ளைகளை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, கையில் ஓர் எண்ணோடு திரும்பும் பெற்றோர் பலர், அவ்வெண்ணின் பாட்டனார் ஒரு படைவீரர் என்பதை அறியார்.

2007இல் கனடாவின் மாண்ட்ரியல் நகரத்து ஆய்வாளர்கள் ஒரு செய்தியை வெளியிட்டனர். அவர்களுள் முதல்வரான மிஷேல் டாசன் தாமே ஆட்டிசம் உடையவர். ஆட்டிசம் உடைய 38 குழந்தைகளுக்கு இரு தேர்வுகள் தரப்பெற்றன. ஒன்று வெக்ஸ்லர் தேர்வு. மற்றொன்று, பிரிட்டனில் ரேவன் என்பவர் 1938இல் வெளியிட்ட வடிவத்தேர்வு. வடிவங்களின் ஒழுங்கைக் கண்டு விடுபட்ட துண்டைத் தேர்ந்தெடுப்பது. அதுவும் இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் படை கண்ட தேர்வே. நூறு பிள்ளைகளை அறிவின்படி வரிசையில் நிறுத்தினால், வெக்ஸ்லர் தேர்வு இக்குழந்தைகளைச் சராசரியாகக் கீழிருந்து 26ஆம் இடத்தில் நிறுத்திற்று. ரேவன் தேர்வு அதே குழந்தைகளை 56ஆம் இடத்தில் நிறுத்திற்று. சிலர்க்கு இவ்விடைவெளி 70ஐயும் தாண்டியது. ஆட்டிசம் இல்லாத பிள்ளைகளிடம் இத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. எல்லா ஆய்வுகளிலும் இடைவெளி இதே அளவில் வருவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஆனால் இடைவெளி என்று ஒன்று இருக்கக்கூடும் என்பதே போதாதா?

வெக்ஸ்லர் தேர்வின் உள்ளேயும் மேடுபள்ளம் உண்டு. கட்டைகளை அடுக்கி வடிவம் அமைக்கும் பகுதியில் இவர்கள் பலர் உயர்ந்து நிற்கின்றனர். உலகியல் வழக்கைக் கேட்கும் பகுதியிலும், குறியீடுகளை விரைந்து எழுதும் பகுதியிலும் தாழ்கின்றனர். முன்னது ஆல்பாவின் உறவு. பின்னது பீட்டாவின் நேர்வாரிசு. பிறகு எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாக்கித் தருகின்றனர். ஒரு வட்டத்தில் பாதி ஊர்களில் ஏரி உடைந்தும் பாதி ஊர்களில் கிணறு வற்றியும் கிடக்கையில், 'இவ்வாண்டு மழை இயல்பானது' என்று அலுவலகத்தில் குறிப்பெழுதினால், கணக்கு சரிதான். ஆனால் அது எந்த ஊரானுக்கும் உண்மையன்று.

இனிப் படைக்கே மீள்வோம். இன்றும் அமெரிக்கப் படையில் சேர விரும்புவோர் சொல்லறிவு, வாசிப்பு, எண்கணிதம், கணித அறிவு ஆகிய பகுதிகளைக் கொண்டு தரம் பிரிக்கப்படுகின்றனர். நூற்றுக்குக் கீழிருந்து 10ஆம் இடத்தையும் எட்டாதவரைச் சேர்க்கலாகாது என்பது சட்டம். ஆட்டிசம் என்று மருத்துவரால் கண்டறியப்பெற்றவர்க்கோ, எத்தனை மதிப்பெண் எடுத்தாலும் மருத்துவ விதி தடையாகிறது. விலக்குக் கோரலாம், கிடைத்தால் உண்டு. ஒரு வாயிலில் எண் நிற்கிறது. மறு வாயிலில் பெயர் நிற்கிறது. பெயர் அறியப்படாமலே உள்ளே சென்று, நடுவயதில் தம் இயல்பை அறிந்துகொண்டோரும் உளர். அத்தகைய ஒருவரின் நிலையை எண்ணிப்பார்ப்போம். எண் தாழ்ந்திருந்தால், இவனுக்கு விளங்காது என்று ஒதுக்குகின்றனர். உயர்ந்திருந்தால், இவ்வளவு அறிவுள்ளவன் இச்சிறு கட்டளையை உணராதது சோம்பல், அல்லது செருக்கு என்கின்றனர். இரு வழியிலும் அவர் பிழைபடவே காணப்படுகிறார். ஒரு மனிதர் தவறாக மதித்தால் அவரிடம் சென்று வாதாடலாம். எண்ணிடம் என்ன வாதாடுவது? நாளடைவில் அவரே அவ்வெண்ணை நம்பத் தொடங்குகிறார். நமக்கு இதுவே பெருந்தீங்காகத் தோன்றுகிறது.

நம்மவருள் சிலர் இதனை ஞானாவரணீய கர்மத்தின் பயன் என்று சொல்லி அமைந்துவிடுவர். அறிவை மறைக்கும் வினை உண்டென்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் கேவலஞானம் எய்தாத எவர்க்கும் அம்மறைப்பு உண்டன்றோ? அளக்கப்படுபவர்க்கு உள்ளதுபோல் அளப்பவர்க்கும் உண்டு. ஐம்பது நிமிடத் தாள் ஒன்று வினையின் திரையைக் காட்டும் கண்ணாடி ஆகாது. ஒரு நயத்தாற் கண்டதை அந்நயத்தளவில் கொள்வது நேர்மை. அதுவே முழுமை என்று சாதித்தலைத் துர்நயம் என்று நம் ஆசாரியர்கள் விலக்கினர். எலி பிடிக்கும் பூனையை மட்டும் கண்டவர் சாதுவான பூனையை மறுப்பதற்கில்லை.

அப்படியாயின் தேர்வையே தூக்கி எறிந்துவிடலாமா? அதையும் செய்துபார்த்தனர். 1966இல் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் மக்னமாரா, 'ஓர் இலட்சம்' என்ற பெயரால் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். தேர்வில் தவறியோரையும் சேர்த்து, புதுமுறைக் கல்வியால் அவர்களை உயர்த்துவது என்பது வாக்குறுதி. 1971 வரை ஏறக்குறைய மூன்றரை இலட்சம் பேர் சேர்க்கப்பட்டனர். வாக்களித்த கல்வி பெரும்பாலோர்க்குக் கிட்டவில்லை. வியட்நாம் போர்க்களம் கிட்டியது. ஏனைய வீரரைவிட உயர்ந்த விகிதத்தில் அவர்கள் மடிந்தனர். இங்கே எண்ணைப் புறக்கணித்ததுதான் கொலையாயிற்று. ஆகவே அளவையை மட்டும் குற்றம் சொல்லி நாம் தப்ப முடியாது. பினே கேட்ட கேள்வி, இவனுக்கு என்ன உதவி வேண்டும் என்பது. அதனைக் கேட்காமல் எண்ணை ஏற்றவரும் தவறினர். அதனைக் கேட்காமல் எண்ணை மறுத்தவரும் தவறினர்.

இஸ்ரேலில் வேறொரு முயற்சி நடக்கிறது. படைப்பணி கட்டாயமான அந்நாட்டில் ஆட்டிசம் உடையோர்க்கு விலக்கு உண்டு. 2013 அளவில் 'ரோயிம் ரகோக்' என்ற திட்டத்தின்கீழ், விரும்பி வருவோர்க்குப் பயிற்சி தந்து, வானிலிருந்து எடுத்த படங்களை ஆராயும் 9900ஆம் பிரிவு முதலியவற்றில் சேர்க்கத் தொடங்கினர். தொலைவைக் காண்போர் என்பது அப்பெயரின் பொருள். எவ்வளவு அறிவு என்று கேளாமல் எத்தகைய அறிவு என்று கேட்டதில் ஒரு நீதி இருக்கிறது. விலக்கப்பட்டிருந்த இளைஞர்க்கு அது தன்மதிப்பைத் தந்திருக்கும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் இரண்டு செய்திகள் நம்மை உறுத்துகின்றன. அந்தக் கூரிய கண்கள் கண்டுபிடிப்பது யார் வீட்டுக் கூரையை என்பது ஒன்று. படத்தைக் கூர்ந்து நோக்கும் திறன் வாய்க்காத, பேசவும் இயலாத, எவர்க்கும் எவ்வகையிலும் பயன்படாத ஆட்டிசப் பிள்ளை எந்த வரிசையில் நிற்கும் என்பது மற்றொன்று. பயனை வைத்து மதிப்பதும் ஒரு தேர்வுதானே? பூனையிடம் தொடங்கியது இங்கே வந்து நிற்கிறது. இதற்கு நம்மிடம் ஆயத்தமான விடை இல்லை.

இத்தகைய பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோர் நம் ஊர்கள்தோறும் இருக்கின்றனர். தேர்வு நடந்த அறை எப்படி இருந்தது, கேள்வி எம்மொழியில் கேட்கப்பட்டது, எவ்வளவு நேரம் தந்தனர், பகுதிவாரியான மதிப்பெண்களைக் காட்டினரா அல்லது ஒரே எண்ணை எழுதிக் கொடுத்தனரா என்பவற்றை அவர்கள் எழுதியனுப்பினால் நாம் நன்றியுடன் படிப்போம். பிள்ளையின் பெயரும் ஊரும் எழுத வேண்டுவதில்லை; அந்த எண்ணையும் எழுத வேண்டுவதில்லை.