கோடரிக்குக் காம்பு போடுவோம்

ரமலான் வந்துவிட்டால் வசதி படைத்தோர் வீட்டு வாசலில் வரிசை நிற்கிறது. நாமும் மனமுவந்து கொடுக்கிறோம், அல்ஹம்து லில்லாஹ். ஆனால் சென்ற ஆண்டு நின்ற அதே முகங்கள் இந்த ஆண்டும் நின்றால், அது நமது வள்ளன்மைக்குச் சான்றா, நமது பொறுப்பின்மைக்குச் சான்றா? இதைச் சிந்திக்க நாம் கடமைப்பட்டுள்ளோம்.

அபூதாவூதில் பதிவாகியுள்ள நிகழ்ச்சி நாம் அறிந்ததே. உதவி கேட்டு வந்த அன்ஸாரித் தோழரிடம், வீட்டில் என்ன இருக்கிறது என்று பெருமானார் (ஸல்) அவர்கள் வினவினார்கள். ஒரு துணியும், தண்ணீர் குடிக்கும் ஒரு பாத்திரமுமே இருந்தன. அவற்றை ஏலம் கூறி 2 திர்ஹத்துக்கு விற்றுக் கொடுத்தார்கள். ஒன்றுக்குக் குடும்பத்தாருக்கு உணவு, மற்றொன்றுக்குக் கோடரி. அக்கோடரிக்குத் தமது திருக்கரத்தாலேயே காம்பு மாட்டி, விறகு வெட்டி விற்றுவிட்டு 15 நாட்கள் கழித்து வருமாறு கூறினார்கள். அவர் 10 திர்ஹம் ஈட்டித் திரும்பினார்.

இதிலுள்ள ஒழுங்கைக் கவனியுங்கள். முதலில் பசி ஆற்றப்பட்டது. பசித்த வீடு மூலதனத்தையே தின்றுவிடுமல்லவா? அடுத்து கருவி. அடுத்து, விலைபோகும் தொழில். பின்னர் தவணையும் விசாரிப்பும். அனைத்துக்கும் மேலாக, அவருடைய மானம் காக்கப்பட்டது.

இன்று தள்ளுவண்டிக்காரருக்கும் இட்லி விற்கும் கைம்பெண்ணுக்கும் கைமுதல் தருபவர் யார்? பெரும்பாலும் தண்டல்காரரே! வட்டி ஹராம் என்று மேடையில் முழங்கிவிட்டு, வட்டியில்லாத வழியைத் திறந்து வைக்காமலிருப்பது எவ்வகை நீதி?

வழி இல்லாமலில்லை. 2001ஆம் ஆண்டு லாகூரில் டாக்டர் முஹம்மது அம்ஜத் ஸாகிப் அவர்கள் தொடங்கிய ‘அகுவ்வத்’ என்னும் அமைப்பு, கைம்பெண் ஒருவருக்கு ரூ. 10,000 வட்டியில்லாக் கடன் கொடுத்துப் பணியை ஆரம்பித்தது. ‘சகோதரத்துவம்’ என்பதே அப்பெயரின் பொருள். சிறுதொழில் செய்வோருக்கான கடன்களைப் பள்ளிவாசல்களில் வைத்தே வழங்கினார்கள். கடன் வாங்கி முன்னேறியவர்களே பின்னர் நன்கொடையாளர்களாகவும் ஆனார்கள். 2021இல் ஸாகிப் அவர்களுக்கு மகசேசே விருது கிடைத்தது.

“கொடுத்தால் திரும்புமா?” என்று சிலர் தயங்கலாம். கடனை எழுதி, சாட்சி வைக்கச் சொல்லும் திருமறையே, சிரமப்படுபவனுக்கு அவகாசம் தரவும் சொல்கிறது. ஜகாத் பெறும் எட்டு வகையினரில் கடனாளியும் ஒருவர். ஆகவே உண்மையாகவே நொடித்துப் போனவரைத் தூக்கிவிடவும் மார்க்கத்தில் இடமுண்டு.

முதியோர், நோயாளிகள், அநாதைகள் ஆகியோரிடம் தொழில் செய்யச் சொல்ல முடியாது. அவர்களுக்குரியதைக் குறைக்காமல் கொடுத்தே ஆக வேண்டும். உழைக்கும் வலுவுள்ளவரை ஆண்டுதோறும் கையேந்த வைப்பதைத்தான் நாம் கூடாதென்கிறோம்.

ஒவ்வொரு மஹல்லாவிலும் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு சிறு ‘அழகிய கடன்’ நிதி தொடங்கட்டும். பணத்தோடு நின்றுவிடாமல், என்ன தொழில், எங்கே சரக்கு, யார் வாங்குவார் என்று கூடவே இருந்து விசாரிக்கட்டும். காம்பு மாட்டிக் கொடுப்பதென்றால் அதுதானே! வாங்கியவர் கொடுப்பவராக மாறும் நாளை நம் கண்ணால் காண அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.