சாவி இருக்கும் பக்கம்

ஸ்டாக்ஹோமில் லோங்ஹோல்மன் தீவில் இருந்த சிறை 1975ல் மூடப்பட்டது. 1989லிருந்து அது விடுதி. கைதிகளின் அறைகளில் இன்று பயணிகள் பணம் கொடுத்துத் தூங்குகிறார்கள். ஸ்வீடனின் கடைசி மரண தண்டனை, 1910ல், இச்சிறையில்தான் கில்லட்டினால் நிறைவேற்றப்பட்டது.

இதில் கூச்சப்பட என்ன இருக்கிறது, இடித்திருந்தால் நினைவும் போயிருக்குமே என்று கேட்கலாம். நியாயம்தான். கட்டிடத்தில் பாவம் ஒட்டுவதில்லை. ஆனால் அறையின் குறுகலையே அழகென்று ரசிக்கும்போது ஒரு பொய் நுழைந்துவிடுகிறது. சிறை என்பது சுவரின் கனமோ ஜன்னலின் உயரமோ அல்ல. கதவு யார் இஷ்டத்துக்குத் திறக்கிறது என்பது. வங்கியில் வேலை பார்க்கிறவனுக்கு இது தினசரிப் பாடம்: பெட்டகத்தின் அதிகாரம் இரும்பில் இல்லை, சாவி யாரிடம் என்பதில் இருக்கிறது. சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு படுப்பவன் கைதியின் அறையில் படுக்கவில்லை. அதே அளவுள்ள வேறோர் அறையில் படுக்கிறான்.

அங்கே தங்குவது தவறு என்று நான் சொல்லவில்லை. தங்கியதாலேயே பிறன் துயரத்தை அறிந்துவிட்டதாக நினைப்பதுதான் தவறு. அப்படி நினைத்தவனுக்கு, இன்றும் வெளியிலிருந்து பூட்டப்படுகிற அறைகளைப் பற்றி யோசிக்க அவசியம் இல்லாமல் போகிறது. துயரக் கவிதைகளை வாசிக்கும் நமக்கும் இந்த ஆபத்து உண்டு.