கோடு தரும் ஆறுதல்

துயரில் மூழ்கியிருக்கும் ஒருவரிடம் ஒரு வெள்ளைத் தாளையும் நான்கு வண்ணக் குச்சிகளையும் நீட்டுவது தகுமா? வாய்விட்டு அழ வேண்டியவரை வரையச் சொல்வது அவருடைய துயரை விளையாட்டாக்குவது ஆகாதா? நீதி கிடைக்க வேண்டியவருக்கு நிம்மதியைக் கொடுத்து அனுப்பிவிடுவது ஆகாதா? படம் வரைவதால் மனம் தேறும் என்னும் கருத்து இன்று நம் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் தியான இல்லங்களிலும் பரவலாகப் பேசப்படுகிறது. ஆனால் இக்கேள்விகளை எழுப்புவோர் சிலரே.

கருத்து புதியதன்று. 1938-ஆம் ஆண்டில் ஏட்ரியன் ஹில் என்னும் ஆங்கிலேய ஓவியர் காசநோயால் பாதிக்கப்பட்டு, மிட்ஹர்ஸ்ட் என்னும் ஊரின் சானடோரியத்தில் படுக்கையில் கிடந்தார். அந்நோயைத் தீர்க்கும் மருந்து அப்போது இல்லை. ஓய்வும் நல்ல காற்றுமே சிகிச்சை. கட்டிலருகே கண்ணில் பட்ட பொருள்களை அவர் வரையத் தொடங்கினார். பின்னர் அங்கிருந்த மற்ற நோயாளர்களையும், போரில் காயமுற்று வந்தவர்களையும் வரையத் தூண்டினார். 'ஓவிய சிகிச்சை' என்னும் தொடரை 1942-இல் முதன்முதலாகப் பயன்படுத்தியவர் அவரே என்பர்.

வரையும்போது நமக்குள் நிகழ்வது என்ன? கவலையில் இருப்பவன் ஒரே நினைவைச் செக்குமாடுபோல் சுற்றி வருகிறான். கையில் பென்சிலை எடுத்து எதிரே இருக்கும் செம்பை வரைய முற்பட்டால், அதன் விளிம்பு எங்கே வளைகிறது, நிழல் எப்பக்கம் விழுகிறது என்று கண் தேட வேண்டியிருக்கிறது. கண் தேடும் வேகத்துக்குக் கை அடங்குகிறது. கை அடங்கினால் மூச்சும் அடங்குகிறது. அது மட்டுமன்று. நெஞ்சுக்குள் உருவமின்றிக் கிடந்த ஒன்று தாளின்மீது வந்து, நமக்கு எதிரே ஒரு முழ தூரத்தில் நிற்கிறது. நமக்குள் இருந்தபோது அது நம்மை ஆண்டது. வெளியே வந்தபின் நாம் அதை உற்றுப் பார்க்கலாம். வேண்டுமாயின் கிழித்தும் போடலாம். சொல் வராத இடத்திலும் கோடு வரும் என்பதால்தான் பிள்ளைகளுக்கு இது பெரிதும் பயன்படுகிறது.

இவ்வளவும் சரியே. ஆயினும் முதலில் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரிக் கடலோரத்தைத் தாக்கியது. கடலுக்குச் சென்ற பலர் திரும்பவில்லை. சில வாரங்களுக்குப் பின் அவ்வூர்களுள் ஒன்றில், தந்தையை இழந்த பிள்ளைகளை அருட்சகோதரி ஒருவர் மாலைதோறும் கூட்டி வரையச் செய்து வந்ததைக் கண்டோம். ஒரு சிறுவன் ஒவ்வொரு நாளும் படகையே வரைந்தான். படகில் ஆள் இல்லை. அவனை அழைத்துப்போக வந்த தாய் நம்மைப் பார்த்து, "படம் வரைஞ்சா இவன் அப்பா வந்துருவாரா, சாமி?" என்றார். சினந்து கேட்கவில்லை, விடை தெரிந்தே கேட்டார். அந்த டிசம்பரில் காணாமற்போன தம்மவரைத் தேடித் தருமாறு குழித்துறையில் இரயில் பாதையை மறித்து அமர்ந்த ஆயிரக்கணக்கானோருள் அவரும் ஒருவர். அவருடைய கேள்வியில், "எங்களை அமைதிப்படுத்தி வீட்டுக்கு அனுப்பப் பார்க்கிறீர்களா?" என்னும் ஐயமும் இருந்தது. அந்த ஐயம் நியாயமானது. அழுகிற குழந்தைக்கு அபின் கொடுத்துத் தூங்கவைத்த காலம் ஒன்று உண்டு. வலியின் காரணத்தைப் பார்க்க விடாமல் தரப்படும் அமைதி எதுவாயினும் அந்த வகையைச் சேர்ந்ததே, அது வண்ணத்தில் தரப்பட்டாலும், மன்னிக்க வேண்டும், மறையுரையில் தரப்பட்டாலும்.

இந்தக் கேள்வியை அதன் கடைசி எல்லைவரை கொண்டுபோய்ப் பார்க்க ஒரு வாழ்க்கை நமக்கு இருக்கிறது. ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் 1898-இல் வியன்னாவில் பிறந்த யூதப் பெண். வைமாரில் இயங்கிய புகழ்பெற்ற பௌஹௌஸ் கலைப்பள்ளியில் பயின்ற ஓவியர். 1942 டிசம்பரில் நாஜிகள் அவரையும் கணவரையும் செக் நாட்டின் தெரேசின் என்னும் கோட்டை நகருக்கு அனுப்பினர். ஒருவருக்கு 50 கிலோ சுமையே அனுமதி. அதில் தாளுக்கும் வண்ணத்துக்கும் அவர் இடம் ஒதுக்கினார். நெரிசலும் பசியும் நோயும் நிறைந்த அந்நகரில் பெற்றோரைப் பிரிந்து விடுதிகளில் இருந்த சிறுவர் சிறுமியருக்கு ஏறத்தாழ ஈராண்டு காலம் ஓவியம் கற்பித்தார். தாள் தீர்ந்தபோது அலுவலகப் படிவங்களின் பின்புறம் பயன்பட்டது. முதலில் மூச்சுக்கும் கையின் தாளத்துக்குமான பயிற்சி, பிறகு கண்ணெதிரே உள்ள பொருளைப் பார்த்து வரைதல், பிறகு நினைவிலிருந்து. பிள்ளைகள் பூக்களையும் விட்டுவந்த வீட்டையும் வரைந்தனர்; அடுக்குக் கட்டில்களையும் பிணவண்டியையும் வரைந்தனர். பிள்ளைகளை ஓவியர்களாக்குவது தம் நோக்கமன்று, அவர்களுக்குள் இருக்கும் ஆற்றலை விடுவிப்பதே நோக்கம் என்ற கருத்தை அவர் எழுதி வைத்திருக்கிறார். ஒவ்வொரு படத்திலும் பிள்ளையின் பெயர் இருக்க வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருந்தார்.

1944 இலையுதிர் காலத்தில் கணவர் தெரேசினிலிருந்து அனுப்பப்பட்டார். அடுத்த இரயில்களுள் ஒன்றில் தாமும் செல்ல ஃப்ரீடல் தாமே பெயர் கொடுத்தார். அக்டோபர் மாதத்தில் அவுஷ்விட்சில் கொல்லப்பட்டார். கணவர் பிழைத்துக்கொண்டார். வரைந்த பிள்ளைகளுள் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர்.

அப்படியானால் அந்த வகுப்புகளால் ஆன பயன் என்ன? உயிர் காக்கவில்லை, ஒரு இரயிலையும் நிறுத்தவில்லை. ஆனால் அவை அபினும் அல்ல. பிணவண்டியை உற்றுப் பார்த்து வரைந்த பிள்ளையை எவரும் ஏமாற்றித் தூங்கவைக்கவில்லை. மனிதரை எண்ணாகவும் சரக்காகவும் ஆக்கிய ஓர் அமைப்புக்குள், மாலையில் ஒரு மணி நேரம் ஒரு சிறுமி தன் பெயரோடும் தன் கண்ணோடும் இருந்தாள். அது போதுமா எனில், போதாது. அந்தச் சிறுமி வாழ்ந்திருக்க வேண்டும். போதாது என்பதற்காக அது ஒன்றுமில்லை என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

யோவான் நற்செய்தியின் எட்டாம் அதிகாரத்தில், விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணைக் கூட்டம் இழுத்து வந்து நிறுத்தியபோது, ஆண்டவர் குனிந்து தரையில் விரலால் எழுதுகிறார். ஒருமுறை அன்று, இருமுறை. என்ன எழுதினார் என்று புனித எரோணிமுஸ் முதலாகப் பலர் ஊகித்துள்ளனர். எழுத்தைவிட அந்தக் குனிதலே நம்மை ஈர்க்கிறது. கல்லேந்திய கூட்டத்தின் வேகத்துக்கு அவர் விடை சொல்லவில்லை. தரையில் விரல் ஓடிய அந்த நேரத்தில் அவர் பிரச்சினையிலிருந்து விலகியவர்போலத் தோன்றினார். ஆனால் முடிவில் அந்தப் பெண் உயிரோடு வீடு திரும்பினாள்.

இதனால் ஓவியத்தைச் சர்வரோக நிவாரணி ஆக்கிவிடலாகாது. வின்சென்ட் வான் கோ 1889 மே முதல் 1890 மே வரை பிரான்சின் சேன்-ரெமி மனநல விடுதியில் இருந்தபோது ஏறத்தாழ 150 ஓவியங்கள் தீட்டினார். வேலை அவரைத் தாங்கிப் பிடித்தது என்பது உண்மை. விடுதியை விட்டு வெளிவந்து இரண்டரை மாதத்துக்குள் துப்பாக்கிக் குண்டுக் காயத்தால் இறந்தார் என்பதும் உண்மையே. உறக்கமின்றி, உணவின்றி, சாவையே நினைத்திருப்பவருக்கு மருத்துவர் வேண்டும். "ஏதாவது வரைந்து பார்" என்று அவரை அனுப்பிவிடுவது பாவம்.

வரைதல் என்றதும், "எனக்கு வராதே" என்று கையை உதறுவோர் பலர். ஓவிய வகுப்பைக் கணக்குப் பாடத்துக்கு வாங்கிக்கொண்ட பள்ளிகளும், யானைக்கு மதிப்பெண் போட்ட ஆசிரியர்களும் செய்த வேலை இது. வேடிக்கை என்னவெனில், அப்படிச் சொல்லும் பெண்மணியே விடியற்காலையில் வாசல் தெளித்து, பதினைந்து புள்ளி வைத்து, கை நடுங்காமல் ஒரே இழுப்பில் சிக்குக் கோலத்தை முடித்துவிட்டு உள்ளே போயிருப்பார். அதற்கு மதிப்பெண் இல்லை. சட்டம் போட்டு மாட்டுவாரும் இல்லை. பத்து மணிக்குள் மிதிபட்டு, எறும்பு தின்று, மறைந்துவிடும். நாளை வேறொன்று. நம்மவர் வீடுகளிலும் கிறிஸ்துமஸ் நாளில் வாசலில் விண்மீன் விரிகிறது. சாவு விழுந்த வீட்டில் கோலம் நின்றுபோகிறது. பின்னொரு நாள் யாரோ ஒருத்தி மாவுக் கிண்ணத்தோடு வாசலுக்கு வருகிறாள். முதல் புள்ளி வைக்க அவள் எவ்வளவு நேரம் குனிந்தபடி நிற்கிறாள் என்பதைத் தெருவே பார்த்தும் பாராததுபோல் இருக்கும்.

இழவு வீட்டுக்குப் போகும்போது அரிசியும் காப்பித் தூளும் கொண்டுபோகிறோம். அங்கே பிள்ளைகள் இருந்தால், பழைய நாட்காட்டித் தாள்கள் சிலவும் ஒரு வண்ணக் குச்சிப் பெட்டியும் உடன் போகலாம். "இது என்ன?" என்று கேட்க வேண்டாம், "அழகாயிருக்கிறது" என்றும் சொல்ல வேண்டாம். அருகே அமர்ந்திருந்தால் போதும். வரைந்து முடித்ததும் மூலையில் பெயரையும் தேதியையும் எழுதச் சொல்லலாம். தெரேசினை விட்டுப் போகுமுன் ஃப்ரீடல் ஏறத்தாழ 4,500 படங்களை இரண்டு பெட்டிகளில் அடுக்கி மறைத்து வைத்தார். போர் முடிந்தபின் அவை பிராகா நகரின் யூதச் சமூகத்தாரிடம் வந்து சேர்ந்தன. அவற்றுட் சில இன்றும் அந்நகரின் பிங்காஸ் தொழுகைக்கூடத்தில் பார்வைக்கு உள்ளன. கீழ் மூலையில், பிள்ளைகளின் கையெழுத்தில், பெயர்கள் இருக்கின்றன.